சிவப்புக் கோட்டுக்கு மேலே

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆகிவிட்டோம். "இந்த நிமிசத்துலேர்ந்து இங்க டீச்சரும் கிடையாது சாரும் கிடையாது, எல்லாரும் ஆறாப்புப் பிள்ளைங்க, நான்தான் உங்க சயின்ஸ் வாத்தியார்" என்று வட்டார மேற்பார்வையாளர் திரவியராஜ் சார் கைதட்டிச் சொன்னதும், ஓய்வுபெறப் போகிற கணக்கு சார் ஒருவர் எழுந்து சுண்டுவிரலைக் காட்டி "சார், ஒண்ணுக்கு" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வாய் மட்டும். மதியச் சாப்பாட்டின் எலுமிச்சைச் சோறு நெஞ்சில் நிற்கிறது, மின்விசிறி சூட்டைக் கடைந்துகொண்டிருக்கிறது, இந்த வட்டாரத்துக் கிராமப் பள்ளிகளின் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் அத்தனை பேரும் வட்டவட்டமாக உட்கார்ந்து சார்ட் அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறோம், ஐந்து நாள் பயிற்சியில் இன்று மூன்றாம் நாள், ஜன்னலுக்கு வெளியே புங்கை மரத்தில் மூன்று தூளி தொங்குகிறது. நடுவில் இருக்கிற மஞ்சள் சேலை என்னுடையது. அதற்குள் இருக்கிற ஏழு மாதமும் என்னுடையது. ஆட்டுகிற கை என் புருஷன் இசக்கிராஜுடையது, செல்போன் ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார், ஒரு கையால் தூளி, ஒரு கையால் போன், போனில் எதையோ பார்க்கிறார், தூளியைப் பார்க்கவில்லை, சேலை முறுக்கிக்கொண்டால், முறுக்கு கழுத்துப் பக்கம் வந்தால், ஏங்க நிமிர்ந்து பாருங்க, ஏங்க. பார்க்கமாட்டார். காலையில் பைக்கில் வரும்போது பாதி வழி இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். "ஒரு சாரிதான லதா. டீ குடிக்கப்ப திரவியராஜ் சார் பக்கத்துல போய் ஒரு சாரி சொல்லிட்டு வந்திரு. என்ன கொறஞ்சா போயிருவ?" குறைய மாட்டேன். ஒரு சாரிதான். எங்கள் ஹெட்மாஸ்டரும் அதையேதான் சொன்னார், "திரவியராஜ் மனசு வச்சா, வகுப்புக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வந்தன்னு அனுப்புன அந்த நோட்டீஸ் அப்படியே அமுங்கிரும்மா, இல்லன்னா மலைப் பக்கம் தூக்கிப் போட்டுருவாங்க, கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?" மலைப் பக்கம் என்றால் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். இடையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், வலிப்பு வந்தால், ஒரு சாரிதான்.

கான்வென்ட்டில் நான் முதலில் கற்ற ஆங்கிலமே அதுதான். தண்ணீர் கேட்பதற்கு முன்னால் அது வந்துவிட்டது. சாரி சிஸ்டர். லேட்டாக வந்தால் சாரி சிஸ்டர், ரிப்பன் அவிழ்ந்தால் சாரி சிஸ்டர், பக்கத்துப் பெண் பேசி நான் மாட்டிக்கொண்டால் அப்போதும் சாரி சிஸ்டர், வாயில் விரலை வைத்துக்கொண்டு வராந்தாவில் முட்டி போட்டு நின்ற காலத்தில் சிமெண்டுத் தரையின் சொரசொரப்பு முட்டியில் பதிந்து பூ மாதிரி இருக்கும். பழி தீர்ப்பது ஆண்டவர் வேலை, நம் வேலை இல்லை என்று சிஸ்டர் அமலி சொல்லுவார். ஆண்டவருக்கு எத்தனை வேலை. அவர் என் வட்டார ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாரா என்ன. நான் இருந்தேன். அந்த போட்டோ வந்து விழுந்தபோது நான் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன், கடுகு வெடிக்கிறது, போன் அதிர்கிறது, எடுத்துப் பார்த்தால் நான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலை கலைந்து, வாயைப் பாதி திறந்துகொண்டு, பின்னால் கரும்பலகை. கீழே திரவியராஜ் சார் போட்ட ஒரு வரி, "பள்ளிக்கூடமா, பிள்ளை வளர்ப்பு நிலையமா?" அதற்குக் கீழே மஞ்சள் முகங்கள், கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகங்கள், ஒவ்வொன்றின் பேரும் எனக்குத் தெரியும், இந்தக் கூடத்தில் அந்தப் பேர்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்றும் தெரியும். இதோ என் பக்கத்தில் இருக்கிற ஞானதீபம் டீச்சரும் ஒரு முகம் போட்டவர்தான். மறுநாள் கூப்பிட்டு "தெரியாம கை பட்டுட்டுடீ" என்றார். கை படும். நல்ல இடமாகப் பார்த்துத்தான் படும். அன்றிலிருந்து திரவியராஜ் சாரை நான் மனசுக்குள் எத்தனை விதமாக போட்டோ எடுத்துவிட்டேன். பல்லில் கீரை ஒட்டியிருக்கும்போது, பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கும்போது, வேட்டி கட்டத் தடுமாறும்போது, மேலதிகாரி முன்னால் கூனும்போது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது எழுதினேன், அது பாலில் இறங்கியிருக்குமோ என்று பயந்து பாதியில் நிறுத்தி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மறுபடியும் எழுதினேன்.

"பிள்ளைங்களா, இங்க கவனிங்க" என்கிறார். மேசையில் எவர்சில்வர் தட்டு, தட்டில் நீல மசி கலந்த தண்ணீர், நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, பக்கத்தில் ஊறுகாய் ஜாடி, கண்ணாடி ஜாடி. அதே சோதனை. வேறு எத்தனையோ இருக்கிறது, காந்தம் இருக்கிறது, லிட்மஸ் இருக்கிறது, இதுதானா கிடைத்தது. அவருக்குத் தெரிந்திருக்காது. போட்டோ எடுத்த அன்றைக்கு அவர் மேசையைப் பார்க்கவே இல்லையே. அன்றைக்கு என் மேசையிலும் இதே மாதிரி தட்டு, இதே மாதிரி தண்ணீர், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்குக் காய்ச்சல், லீவு எடுக்கலாம் என்றால் வயிற்றில் இருக்கும்போதே எடுக்கத் தொடங்கிய பேறுகால விடுப்போடு சேர்த்து எல்லாம் தீர்ந்துவிட்டது, சரி என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். பாடம் நடத்தாமல் இருந்தேனா? ஒரு மெழுகுவர்த்தி வைத்துக் காட்டியாயிற்று. தண்ணீர் ஏறியது, எல்லாரும் ஓ என்றார்கள், முப்பிடாதி மட்டும் ஓ என்று சொல்லவில்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ஆட்டுக்கிடையிலிருந்து நேராகப் பள்ளிக்கூடம் வருகிற பெண், சட்டையில் புழுக்கை வாசம். "டீச்சர், ஜாடி அதே ஜாடிதான, காத்தும் அதே காத்துதான. மூணு மெழுகுவத்தி வச்சா தண்ணி கூட ஏறுமா, அம்புட்டுதான் ஏறுமா?" எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன், செய்து பார்ப்போம் என்றேன். என் பையில் பிள்ளையின் ஆறாம் மாதக் கேக்குக்கு வாங்கிய மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது. மூன்றையும் ஏற்றினோம். முப்பிடாதி ஜாடியைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் வாசலில் க்ளிக் என்று சத்தம், பள்ளியைப் பார்வையிட வந்த திரவியராஜ் சாரின் போன். போட்டோவில் மேசை இல்லை. முப்பிடாதி இல்லை, ஜாடி இல்லை, மூன்று சுடர் இல்லை, சுற்றி நின்ற தலைகள் இல்லை, எல்லாவற்றையும் நறுக்கிவிட்டு இடுப்பையும் பிள்ளையையும் மட்டும் வைத்திருந்தார். "பிள்ளைகளை வெளிய அனுப்புங்க, மெழுகுவத்திய அணைங்க மொதல்ல" என்றார். அணைத்தேன். சாரி சார் என்றும் சொன்னேன். ஆமாம், அன்றைக்கே ஒன்று சொல்லியாயிற்று. இன்னும் எத்தனை வேண்டும் இவருக்கு?

ஸ்கெட்ச் பேனாவை எடுத்து ஜாடியின்மேல் சிவப்பாக ஒரு கோடு போடுகிறார். "காத்துல ஆக்சிஜன் எத்தன பங்கு? அஞ்சுல ஒரு பங்கு. மெழுகுவத்தி எரியும், ஆக்சிஜன் தீரும், தீந்த எடத்துக்குத் தண்ணி ஏறும். எதுவரைக்கும் ஏறும்? இந்தக் கோடு வரைக்கும்." ஞானதீபம் டீச்சர் என் காதருகே குனிந்தார். "மனுசன் கோட்டப் போட்டுட்டுல்லா தண்ணிக்கு உத்தரவு போடுதாரு." எனக்குச் சிரிப்பு வரவில்லை, மார் கனத்துக்கொண்டு வருகிறது, நேரமாகிவிட்டது, பால் கட்டுகிறது, சேலைத் தலைப்பை இரண்டாக மடித்துப் போட்டிருக்கிறேன், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஈரம் தெரியும். டீ இடைவேளை வரை யாரும் வெளியே போகக்கூடாது என்று முதல் நாளே சட்டம். போனால் பிற்பகல் கையெழுத்து கிடையாது. சுண்டுவிரல் காட்டிய கணக்கு சாரே சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். திரவியராஜ் சார் ஜாடியைக் கவிழ்க்கிறார். சுடர் நிற்கிறது. நிற்கிறது. தண்ணீர் அசையவில்லை. விளிம்பில் இரண்டு குமிழ் வெளியே போகிறது, யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். சுடர் குறுகி நீலமாகி அணைந்தது, புகை சுருண்டது, அணைந்த பிறகுதான் தண்ணீர் விறுவிறு என்று ஏறி, கோட்டின் கீழ் விளிம்பைத் தொட்டு நின்றது. எப்படிக் கவிழ்த்தால் கோட்டில் நிற்கும் என்று பழகி வைத்திருக்கிறார். "பாத்தீங்களா!" மழைக் கைதட்டல். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல், தூறல், மழை, இடி. நானும் தட்டினேன். என் கைகள் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்கிறது என்றால் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா ஏற வேண்டும், எரிகிறவரை சும்மா இருந்துவிட்டு அணைந்ததும் ஏன் ஓட வேண்டும்? எனக்கு விடை தெரியும். நோட்டீஸ் வந்த வாரம், பிள்ளை தூங்கிய ஒரு மத்தியானம், அடுக்களையில் தனியாக உட்கார்ந்து முப்பிடாதியின் கேள்வியைச் செய்து பார்த்தேன். மூன்று வைத்தால் அதிகம் ஏறுகிறது. ஆக்சிஜன் கூடவில்லை, சூடுதான் கூடியது. சூட்டில் விரிந்த காற்று விளிம்பு வழியாகக் குமிழாய் ஓடிவிடும், அணைந்து ஆறும்போது மிச்சக் காற்று சுருங்கும், வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளும். அன்றைக்கு நான் அழுதேன். எதற்கென்று தெரியவில்லை. இதைச் சொல்ல ஆள் இல்லை. புருஷனிடம் சொன்னேன், "சரி, நோட்டீசுக்குப் பதில் எழுதிட்டியா?" என்றார்.

கை தூக்கலாம். தூக்கினால் என்ன ஆகும்? சொர்ணலதா டீச்சர் கை தூக்கினால் அது அகங்காரம், பழைய கோபம், நோட்டீஸ் வாங்கிய பொம்பளையின் திமிர். ஆனால் இங்கே சொர்ணலதா டீச்சர் இல்லையே. அவர்தான் சொன்னார். டீச்சர் கிடையாது சார் கிடையாது. ஆறாப்புப் பிள்ளை ஒன்று ஏன் என்று கேட்டால் அதன்மேல் நோட்டீஸ் அனுப்ப முடியுமா? கை எழவில்லை. தோளுக்குக் கீழே யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மலைப் பக்கம். காலையில் ஒரு பஸ். வலிப்பு. நேற்று சாயங்காலம் இதே கூடத்தில் பயிற்சி போட்டோவை நேரத்துக்கு ஏற்றவில்லை என்று மேலிடத்திலிருந்து இவருக்குப் போன் வந்ததும், இவர் ஜன்னலோரம் போய் நின்று "சாரி மேடம், நெட்வொர்க் மேடம், சாரி மேடம்" என்றதும், பிடரியில் வியர்வை ஓடியதும் எல்லாரும் பார்த்தோம். எனக்கு இரக்கம் வரவில்லை. இனித்தது. பிள்ளைக்குக் கொடுக்கிற சர்க்கரைத் தண்ணீர் மாதிரி நாக்கின் நுனியில் நின்று இனித்தது. இன்றைக்கும் நாலு மணிக்குள் போட்டோவை ஏற்ற வேண்டும், இடமும் நேரமும் தானாகவே படத்தில் பதியும், சோதனை செய்கிறபோது எடுத்ததாக இருக்க வேண்டும், போன் மேசையில் தயாராகக் கிடக்கிறது. அதே போன். என்னை நறுக்கிய போன். வெளியே அழுகை. என் பிள்ளை. மூன்று தூளியில் எது அழுகிறது என்று உடம்புக்குத் தெரிகிறது, மார் சுரந்துவிட்டது, தலைப்பு நனைகிறது, வெட்கமும் பயமும் ஒன்றாகச் சூடேறி, விரிந்து, விளிம்பைத் தேடி. "ஏதாவது சந்தேகம் இருக்கா பிள்ளைங்களா? இல்லல்லா? சரி" என்று அவர் ஜாடியைத் தூக்கப் போகிறார், தூக்கிவிட்டால் முடிந்தது, அப்புறம் டீ, அப்புறம் சாரி, அப்புறம் ஆயுசுக்கும் சாரி.

"சார்" என்றேன். கை மேலே இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. அவர் பார்த்தார், முகத்தில் ஒரு சின்ன இறுக்கம், ஆனால் விளையாட்டு அவருடையது, விட முடியாது. "சொல்லு பாப்பா." நான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டேன், முப்பிடாதி நிற்பதுபோல ஒரு காலை மற்றக் காலில் தேய்த்துக்கொண்டு நின்றேன். "சார், ஜாடி அதே ஜாடிதான சார், காத்தும் அதே காத்துதான. மூணு மெழுகுவத்தி வச்சா தண்ணி கூட ஏறுமா, அம்புட்டுதான் ஏறுமா சார்?" அவர் சிரித்தார். "அம்புட்டுதான் ஏறும் பாப்பா. ஆக்சிஜன் அதே அளவுதான? கோட்டத் தாண்டாது. உக்காரு." உட்காரவில்லை. "வச்சுப் பாக்கலாமா சார்?" "நேரம் இல்ல பாப்பா." அப்போது பின்னாலிருந்து அந்தக் கணக்கு சார், "சார் சார், நானும் பாக்கணும் சார், இல்லன்னா ஒண்ணுக்கு விடுங்க சார்" என்றார். சிரிப்பு. ஞானதீபம் டீச்சர் மேசையைத் தட்டினார், "ப்ளீஸ் சார், ப்ளீஸ் சார்", கையா, மனசா, எது பட்டதோ, கூடம் முழுக்கப் பிடித்துக்கொண்டது, ப்ளீஸ் சார் ப்ளீஸ் சார், எல்லாருக்கும் உண்மையாகவே பதினோரு வயதாகிவிட்டது. அவர் மெழுகுவர்த்திப் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார். குரலைத் தாழ்த்தினார், எனக்கு மட்டும் கேட்க. "நீங்களே வந்து செய்யுங்க டீச்சர். தண்ணி கோட்டத் தாண்டி வராட்டா நான் பொறுப்பு இல்ல."

வராட்டா. வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அடுக்களைத் தட்டு சின்னது, இது பெரிசு. அந்தத் தண்ணீரில் மசி இல்லை. மெழுகுவர்த்தியை ஒட்டவைக்கும்போது ஒன்று சாய்ந்தது, மறுபடி ஒட்டினேன். அழுகை வாசலுக்கே வந்துவிட்டது. இசக்கிராஜ் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் நிற்கிறார், உள்ளே வரலாமா கூடாதா என்று, பிள்ளை முகம் செக்கச்செவேலென்று. நான் போய் வாங்கினேன். "சொல்லிட்டியா?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டார். "இல்ல" என்றேன். அவர் முகம் விழுந்தது. திரும்பும்போது கூடம் முழுக்க என்னைப் பார்த்தது, நனைந்த தலைப்பு, கலைந்த தலை, இடுப்பில் பிள்ளை, பின்னால் கரும்பலகை. அந்த போட்டோதான். அதே போட்டோவுக்குள் நானே நடந்து போய் நின்றேன். பிள்ளை என் வாசம் பட்டதும் விக்கலாக அடங்கி, மேசையில் சுடர்களைக் கண்டு கையை நீட்டினாள், அந்தப் பக்கமாக இடுப்பைத் திருப்பிக்கொண்டு ஒரு கையால் ஜாடியை எடுத்தேன். கவிழ்த்தேன். குமிழ் குமிழாகப் போயிற்று, இந்த முறை எல்லாரும் பார்த்தார்கள், "ஏய், காத்து வெளிய போகுது பாரு" என்று யாரோ சொன்னார்கள். ஒரு சுடர் போயிற்று. இன்னொன்று. மூன்றாவது நீலமாகி, இருக்கவா போகவா என்று நின்று, போயிற்று. தண்ணீர் அசையவில்லை. ஆண்டவரே. ஒரு மூச்சு நேரம் அசையவில்லை, அந்த ஒரு மூச்சில் நான் மலைப் பக்கப் பஸ்ஸில் ஏறி இறங்கிவிட்டேன். பிறகு ஏறியது. கோட்டைத் தொட்டது, கோட்டுக்கு ஒரு மரியாதையும் கொடுக்காமல் தாண்டியது, சிவப்பு நீலத்துக்குள் முங்கிக் கறுப்பாய்த் தெரிந்தது, தண்ணீர் அதற்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நின்றது. யாரும் கைதட்டவில்லை. மழைக் கைதட்டலுக்கு யாராவது ஒரு விரலைத் தொடங்க வேண்டும், யாருக்கும் தோன்றவில்லை. "ஆக்சிஜன் கூடிருச்சா சார்?" என்று கேட்டேன். பிள்ளைக் குரலில்தான் கேட்டேன். அவர் ஜாடியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், வாய் திறந்தது, பாதி திறந்தபடியே நின்றது, அடடா, கையில் ஒரு போன் இல்லையே என்று எனக்குள் ஒன்று துள்ளியது.

போன் அவருடையதுதான் அடித்தது. மேசையில் அதிர்ந்து வட்டமாக நகர்ந்தது. எடுத்தார். "மேடம். இதோ மேடம். செஷன் நடந்துட்டேதான் இருக்கு மேடம். இப்ப ஏத்திடுறேன் மேடம், சாரி மேடம்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மேசையில் வேறு சோதனை இல்லை. கலைத்துவிட்டு மறுபடி வைக்க நேரமும் இல்லை. "டீச்சர், பிள்ளைய அவர்ட்ட குடுத்துட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஒரு போட்டோ." வாசலில் இசக்கிராஜ் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். எனக்கு முட்டியில் பழைய சிமெண்டு சொரசொரத்தது. நோட்டீஸ் இன்னும் வீட்டில் இருக்கிறது, பதில் எழுதவில்லை, இனி அது அமுங்காது, நாளைக்கு எந்த ஊர் பஸ்ஸோ. பிள்ளையின் சூடான நெற்றி என் கழுத்தில் இருந்தது. காய்ச்சல் இல்லை. அழுத சூடுதான். "இல்ல சார்" என்றேன், "இவளும் இருக்கட்டும். எடுங்க. ஜாடியும் வரணும், கோடும் தெரியணும். இந்தத் தடவ மேசையையும் சேத்து எடுங்க." அவர் போனைத் தூக்கினார். அதற்குப் பின்னால் அவர் முகம் மறைந்தது. முழு மேசையும் வர வேண்டுமென்றால் அங்கேயே நின்று எடுக்க முடியாது. ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் பின்னால போங்க சார்" என்றேன்.